யார் செய்த குற்றம்?



சர்க்கரையைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அதை எரிக்கத் தீ வேண்டும். அதே சர்க்கரையை நாம் உண்டாலோ, 37 பாகை வெப்பமே உள்ள உடலுக்குள் தீயும் புகையுமின்றி எரிந்து ஆற்றல் தருகின்றது. இவ்விந்தையை நிகழ்த்துவன நொதிகள். என்சைம் என்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பதும் இவற்றைத்தான். பெரும்பாலும் இவை புரதங்களே.

எந்த வேதிவினையும் நிகழுமுன் ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டியுள்ளது. அப்பால் பள்ளமே இருப்பினும், ஏறுதற்குரிய ஆற்றல் இல்லையேல் பொருள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். நொதி அம்மேட்டின் உயரத்தைக் குறைக்கின்றது, அவ்வளவே. புதிய ஆற்றல் எதையும் அது தருவதில்லை. புறப்படும் இடத்தையோ சேரும் இடத்தையோ மாற்றுவதுமில்லை. வேலை முடிந்ததும், தான் மாறாமல் அடுத்த மூலக்கூற்றுக்காகக் காத்து நிற்கின்றது. நம் இரத்தச் சிவப்பணுக்களில் கரியமில வாயுவைக் கையாளும் நொதி, ஒரு விநாடியில் சுமார் 10 இலட்சம் மூலக்கூறுகளை மாற்றவல்லது!

விரைவு மட்டும் இருந்து அளவு இல்லையெனில் உடல் நாசமாகிவிடும். ஆகவே பல வினைத்தொடர்களில், இறுதியில் உண்டாகும் பொருள் மிகுந்ததும் அதுவே திரும்பி வந்து முதல் நொதியைப் பற்றிக்கொண்டு வேலையை நிறுத்துகின்றது. குறைந்ததும் விட்டு விலகுகின்றது. வயல் நிறைந்தவுடன் ஏரி மதகு தானே மூடிக்கொள்வது போன்றது இது. நீர்ப்பங்கீட்டுக்காகச் சண்டையிடும் நம் ஊர்களுக்கு இத்தகைய மதகு கிடைத்தால் எவ்வளவு நலம்!

இத்தனை நொதிகளுள் ஒன்றே ஒன்று குறைந்தால் என்னாகும்? 1934-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளுடன் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரை நாடினார். குழந்தைகளின் சிறுநீரில் வழக்கத்திற்கு மாறான வாடை வீசுவதை அத்தாய் கவனித்திருந்தார். பல மருத்துவர்களிடம் சொல்லியும் விடை கிட்டவில்லை. ஃபோலிங் அச்சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தார். அது பச்சையாக மாறிற்று. பாலிலும் பருப்பிலும் இறைச்சியிலும் உள்ள பீனைல்அலனின் என்னும் சத்தை டைரோசினாக மாற்ற வேண்டிய கல்லீரல் நொதி அக்குழந்தைகளிடம் செயற்படவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. மாறாத சத்து தேங்கி மூளையைக் கெடுத்திருந்தது. அச்சத்தைக் குறைத்த உணவால் இந்நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று 1953-இல் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. பிறந்த சில நாட்களுக்குள் கண்டறிந்து அவ்வுணவைத் தொடங்கினால் மூளையைக் காக்கலாம். அந்த இரு குழந்தைகளுக்கோ அது காலங்கடந்த செய்தி.

பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர் வினவியதை அருளப்பர் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். ஆனால் நம் வீடுகளில் அக்கேள்வி இன்றும் எழுகின்றது. அதுவும் பெரும்பாலும் மருமகளை நோக்கியே எழுகின்றது. மேற்கூறிய நோயில் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதுபட்ட மரபணுவைத் தம்மை அறியாமலே சுமக்கின்றனர். இருவரும் நலமாகவே இருப்பர். இரண்டு பழுதும் ஒரே குழந்தையைச் சேரும் வாய்ப்பு, ஒவ்வொரு பேற்றிலும் 4-இல் 1. இதில் தாயை மட்டும் தூற்றுவது அநியாயம் என்பதோடு அறியாமையும் ஆகும்.

இத்தகைய நொதிக் குறைகள் தனித்தனியே அரியவை. ஆனால் நூற்றுக்கணக்கில் உள்ளன. நெருங்கிய உறவினர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கக்கூடுமாதலால், அவர்கள் மணந்தால் வாய்ப்பு மிகுகின்றது. அத்தை மகன், மாமன் மகள் மணத்தையும், அக்காள் மகளை மணப்பதையும் திருச்சபைச் சட்டம் தடை செய்கின்றது. தக்க காரணம் இருப்பின் ஆயர் விலக்கு அளிக்கலாம். நிலம் பிரியாதிருக்க என்பதைத் தக்க காரணமாக ஏற்க நமக்கு மனம் வருவதில்லை.

விலக்குக் கோரி வருவோர், விண்ணப்பம் எழுதுமுன் மரபியல் அறிந்த மருத்துவரை ஒருமுறை கண்டு வருக. குழந்தை பிறந்த வீட்டார், குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு செய்யும் சோதனை தங்கள் மருத்துவமனையில் உண்டா என முதல் வாரத்திலேயே கேட்டறிக.