பயணம் என்றால் சுற்றுலா மட்டுமா?

மலேசியாவிற்கு வந்த சுற்றுப்பயணிகளின் தொகை ஆண்டுதோறும் வெளியிடப்பெறும்போது, போரிலே பெற்ற வெற்றியைப் போல அதனைக் கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. மலேசியச் சுற்றுலா ஆண்டு முதன்முதலாகக் கொண்டாடப்பெற்ற 1990-இல் வந்தோர் ஏறத்தாழ 74 இலட்சம் பேர். 2019-இல் அத்தொகை 2 கோடியே 61 இலட்சமாக உயர்ந்தது. கொள்ளைநோயால் எல்லைகள் அடைபட்டுக் கிடந்த 2021-இல் அது 1 இலட்சத்து 35 ஆயிரத்திற்கும் கீழே சரிந்தது. 2024-இல் மீண்டும் 2 கோடியே 50 இலட்சத்தைத் தொட்டது. இக்கணக்கில் பொய்யில்லை. ஆயினும் இஃது அரைக்கணக்கே.

வந்தவர் யாவர்? சுற்றுப்பயணி என்றதும் புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் வெள்ளையர் ஒருவரே பலருக்கும் நினைவில் வருகிறார். 2019-இல் வந்தோருள் 1 கோடியே 1 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். ஐவரில் இருவர் என்னும் அளவிற்கு அண்டை வீட்டுக்காரர்! இந்தியாவிலிருந்து வந்தோர் 7 இலட்சத்து 35 ஆயிரம் பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. மலேசியாவின் பன்னாட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி ஆகாய விமானத்தில் நிகழ்வதன்று. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய ஜொகூர் கடற்பாலத்தின்மீது நிகழ்வது.

இனி, எதிர்த்திசையை நோக்குவோர் எத்தனை பேர்? 2020-க்கு முன்னர் அப்பாலத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இருபுறமும் கடந்தனர் என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் பெருந்தொகையினர், சிங்கப்பூரில் வேலை செய்து ஜொகூரில் வாழும் மலேசியத் தொழிலாளர். கோழி கூவுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஏறி, மழைச்சட்டையும் கடப்பிதழுமாக வரிசையில் நின்று, இருட்டில் சென்று இருட்டில் திரும்பும் இவர்கள் சுற்றுப்பயணிகள் அல்லர். வேற்று நாட்டில் ஓரிரவேனும் தங்குபவரும், அங்கு ஊதியத்திற்கு உழைக்க வாராதவருமே சுற்றுப்பயணி என்பது இலக்கணம். ஆகவே, ஆண்டில் முந்நூறு நாள் எல்லை கடக்கும் தொழிலாளி இரு நாட்டுச் சுற்றுலாக் கணக்கிலும் இடம் பெறுவதில்லை. ஆண்டிற்கொருமுறை கடந்து ஓரிரவு தங்குபவர் இடம் பெறுகிறார். விந்தையான இலக்கணம்தான்!

எண்ணப்படாதவர்களின் இருப்பை நாடு உணர்ந்த நாள் ஒன்று உண்டு. 2020 மார்ச்சு 18-இல் மலேசியா எல்லையை அடைத்தது. அதற்கு முந்திய இரவு, வேலையை இழந்துவிடுவோம் என்றஞ்சிய தொழிலாளர் மாற்றுத் துணிப் பைகளுடன் பாலத்தில் முண்டியடித்தனர். இரண்டு வாரங்களில் திரும்பலாம் என்று எண்ணிச் சென்றவர்களே மிகுதி. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு வந்தது; குறைந்தது மூன்று மாதம் வேலை செய்த பின்னரே விடுப்பில் வீடு திரும்பலாம் என்பது அதன் விதி. தடுப்பூசி இட்டவர்கள் தனித்திருப்பின்றிக் கடப்பதற்கு 2021 நவம்பர் இறுதிவரையும், எல்லை முழுமையாகத் திறப்பதற்கு 2022 ஏப்ரல் 1 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. தந்தையின் முகத்தைக் கைப்பேசித் திரையிலே மட்டும் கண்டு வளர்ந்த குழந்தைகள் ஜொகூரில் எத்தனை பேர்! அக்கரையில் நின்றால் இக்கரைக் கட்டடங்கள் தெரியும் தொலைவு அது.

தமிழர்க்கு இது புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல், 1973 வரை நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துவந்த ஆயிரமாயிரம் பேரும் காட்சி காண வந்தவர் அல்லர். 1969-இல், குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர் கப்பலேறித் திரும்பினர். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றியது. அத்தோடு அக்கடல்வழிப் பயணமும் முடிந்தது. வந்ததும் வேலைக்காக, போனதும் வேலை போனதற்காக.

இத்துணை வரலாறு பின்னால் இருக்க, தமிழ் வகுப்பறையில் நிகழ்வதென்ன? 'நான் மேற்கொண்ட சுற்றுப்பயணம்', 'வெளிநாட்டுப் பயணத்தால் விளையும் நன்மைகள்' என்னும் தலைப்புகள் ஆண்டு தவறாமல் கரும்பலகையில் ஏறுகின்றன. விமான நிலையம் ஒன்றனையும் கண்டறியாத மாணவன், பயிற்சி நூலிலிருந்து பெற்ற சொற்றொடர்களால் 'அலைகடலின் அழகு என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது' என்று எழுதுகிறான். ஆசிரியரும் சிவப்பு மையால் 'நன்று' என இடுகிறார். அவனுடைய தந்தையோ அன்று விடியற்காலை நான்கு மணிக்கு அதே கடலைக் கடந்தவர். அவர் சென்றது பயணமாகாதா? பொருள்வயிற் பிரிவைப் பாலைத் திணையின் பகுதியாக ஈராயிரம் ஆண்டுப் பழமையோடு விளக்கும் தமிழாசிரியருக்கு, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவனின் வீட்டிலும் அப்பிரிவுதான் நிகழ்கின்றது என்பது ஏன் புலப்படவில்லை?

சுற்றுலாவால் நாட்டிற்கு வருவாய் உண்டு. தங்கும் விடுதி முதல் வாடகைக்காரோட்டி வரை பலர் வாழ்கின்றனர். அதனை மறுப்பார் எவருமிலர். மாணவர்க்கு மகிழ்ச்சியான பொருளைத் தருவதே முறை, வீட்டுத் துயரை ஏட்டில் ஏற்றலாகாது என்பாரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் வீட்டு வாழ்வு கட்டுரைக்கு ஆகாதது என்று பத்து வயதில் கற்றுக்கொள்பவன், தமிழ் தன் வாழ்வுக்கு ஆகாத மொழி என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். பின்னர் அவன் தமிழில் எழுதவில்லையே, படிக்கவில்லையே என்று மேடைதோறும் வருந்துவதில் பொருளென்ன?

தேர்வு விடுவதில்லை என்று கூறவும் இன்று இடமில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பாலத்தின் வரிசையைப் பற்றி எழுதச் சொன்னால், ஜொகூர் மாணவன் எவ்வழிகாட்டி நூலையும் புரட்ட மாட்டான். தந்தையின் தலைக்கவசம் எங்கே தொங்குகிறது, தாய் எத்தனை மணிக்குச் சோறு கட்டுகிறாள், மழை நாளில் அவர் எப்போது திரும்புவார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.