பெட்டிக்கடையில் மாத்திரை: வெட்டிக் கொடுப்பது மருந்தா, வினையா?

வெற்றிலை பாக்கு, பீடி, வாழைப்பழம், ஷாம்பு பாக்கெட். இந்த வரிசையில் மாத்திரையும் சேர்ந்து ரொம்ப காலம் ஆச்சு.

"அண்ணே, தலைவலி மாத்திரை ஒண்ணு" என்று கேட்டால் போதும். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் ஓர் ஓரத்தை வெட்டிக் கொடுப்பார். ஒரு டீயோடு அதை விழுங்கிவிட்டு ஆள் பஸ் ஏறிப் போய்விடுவார். பாரிமுனை முதல் தாம்பரம் வரை இது தினசரிக் காட்சி.

இது சட்டப்படி சரியா? சரியில்லை!

1940ம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 18வது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது என்று சொல்கிறது. மீறினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. அபராதம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

விதிகளில் ஒரு சலுகை உண்டு. பாரசிட்டமால், ஆஸ்பிரின், வயிற்று எரிச்சல் மருந்து, தீப்புண் களிம்பு, பஞ்சு, பேண்டேஜ் போன்ற வீட்டு மருந்துகளைச் சாதாரணக் கடைகளும் லைசென்ஸ் இல்லாமல் விற்கலாம். ஆனால் எங்கே? ஜனத்தொகை 1000க்கு மேல் போகாத கிராமத்தில்! அங்கேயும் பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரியிடமோ கம்பெனியிடமோ வாங்கிய சரக்காக இருக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பிலேயே சென்னை மாநகராட்சியின் ஜனத்தொகை 46 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இங்கே ஒரு குடியிருப்பு வளாகத்தில் மட்டுமே 1000 பேர் இருப்பார்கள். ஆகவே நகரத்துப் பெட்டிக்கடைக்காரர் ஒரே ஒரு தலைவலி மாத்திரை விற்றாலும் குற்றவாளிதான்.

ஆனால் ஒரு மாத்திரை விற்ற பாட்டியை மூணு வருஷம் உள்ளே தள்ள எந்த அதிகாரிக்கு மனசு வரும்? வராது. அதனால் கண்டும் காணாமல் போகிறார்கள். கண்டிப்பு அதிகமான சட்டம் கடைசியில் சட்டமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. தலைவலி மாத்திரைக்கும் கேள்வி இல்லை, அதே டப்பாவில் கிடக்கும் ஆபத்தான மாத்திரைக்கும் கேள்வி இல்லை!

என்ன ஆபத்து?

"ஒரு மாத்திரையில் என்னய்யா ஆகிடும்?" என்று கேட்கலாம். பதில் இருக்கிறது.

பாரசிட்டமால் நல்ல மருந்துதான். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பது உச்ச அளவு. தாண்டினால் ஈரல் கெடும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாரசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்குகிறவருக்கு ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குவது தெரியாது.

ஆஸ்பிரின் வளரும் பிள்ளைகளுக்கு ஆகாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம் என்பதால், இங்கிலாந்தில் 16 வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்று 2002லேயே எச்சரித்துவிட்டார்கள்.

மழைக்காலம் வந்தால் டெங்கு. அந்தக் காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆனால் பெட்டிக்கடையில் "உடம்பு வலி மாத்திரை" என்ற பெயரில் கைமாறுவது பல சமயம் டைக்ளோஃபினாக்தான். அது டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பிலேயே கொடுக்கக் கூடாத 'ஹெச்' பட்டியல் மருந்து! மூட்டை தூக்கும் தொழிலாளி தினமும் ஒன்று போட்டால் குடல்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் தேடி வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கத்தரிக்கோல்! அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டோடு போகிறது. காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் இன்னொரு துண்டோடு போகின்றன. வாங்கியவர் கையில் மிஞ்சுவது பெயரில்லாத ஒரு வெள்ளை வில்லை. அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில் மாசக்கணக்கில் வெந்த வில்லை.

பேட்ச் நம்பர் எதற்கு என்று 2025 அக்டோபரில் நாடே பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. சோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு மருந்து போனது பெட்டிக்கடை வழியாக அல்ல. ஆனால் அப்படி ஒரு சரக்கைத் திரும்பப் பிடிக்க வேண்டுமென்றால் பேட்ச் நம்பரும் பில்லும் வேண்டும். பில்லே இல்லாத பெட்டிக்கடையில் எதைத் தேடுவது? யாரிடம் கேட்பது?

கடைக்காரர் கேள்வி

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ராத்திரி 11 மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் காய்ச்சல். பக்கத்தில் மெடிக்கல் ஷாப் மூடியாச்சு. முழு அட்டை வாங்கக் கையில் காசு இல்லை. "ஒரு மாத்திரை குடு சாமி" என்றால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நாலு கடையில் ரெய்டு நடத்தி, பறிமுதல் செய்த அட்டைகளோடு போட்டோ பிடித்தால் விஷயம் தீராது. மறுநாள் மாத்திரை கல்லாவுக்கு அடியில் போய்விடும். அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் சாதாரணக் கடைகளிலும் பாரசிட்டமால் விற்கலாம். ஆனால் 1998 முதல் பாக்கெட்டுக்கு 16 மாத்திரைதான். மருந்துக் கடையில் 32. அதற்குப் பிறகு பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கி இறப்பவர்கள் எண்ணிக்கை குறைந்தது. விற்பனையை ஒழிக்கவில்லை, வரம்பு கட்டினார்கள். பலன் கிடைத்தது.

நம் நாட்டில் 2022 மே மாதம் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. 16 மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கலாம், 5 நாளைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றது. ஆனால் அதுவும் லைசென்ஸ் உள்ள மருந்துக் கடைகளுக்குத்தான். பெட்டிக்கடை என்ற ஒன்று இருப்பதாகவே அந்தக் காகிதத்துக்குத் தெரியவில்லை.

நாம் கேட்பது நாலு விஷயம்.

ஒன்று: பாரசிட்டமால், வயிற்று எரிச்சல் மாத்திரை, காயக் களிம்பு என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். அதை நகரக் கடைகளும் விற்க அனுமதியுங்கள். சிரப்பும் ஆஸ்பிரினும் அதில் வேண்டாம். பார்மசிஸ்ட் இல்லாமலே சில மருந்துகளை விற்க '20-ஏ' என்ற லைசென்ஸ் இப்போதே விதியில் இருக்கிறது. அதைச் சின்னக் கடைக்காரருக்கும் கைக்கு எட்டும்படி எளிமையாக்குங்கள்.

இரண்டு: இரண்டு, நாலு மாத்திரை கொண்ட சிறு அட்டைகளைக் கம்பெனிகள் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு வில்லைக்குப் பின்னாலும் பெயரும் காலாவதித் தேதியும் தமிழில் இருக்கட்டும். கத்தரிக்கோலுக்கு வேலை இருக்காது.

மூன்று: மொத்த வியாபாரி பில் இல்லாமல் ஒரு அட்டைகூடக் கடைக்கு வரக் கூடாது.

நாலு: வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை வைத்திருந்தால் அங்கே இரக்கம் காட்டாதீர்கள். கடைக்காரரோடு நிற்காமல், அவருக்குச் சரக்குப் போட்ட ஏஜெண்டையும் பிடியுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கான மருந்து. தொடாதீர்கள். தேதி தெரியாத துண்டை வாங்காதீர்கள். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் பெட்டிக்கடையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே! காலையில் ஆபீஸ் வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள். மாத்திரை டப்பா பார்வைக்கே வைத்திருக்கும். இன்னும் எத்தனை நாள் பார்க்காத மாதிரி போவீர்கள்?