போனே பண்ணாத டெனன்ட்தான் உங்களுக்கு அதிகச் செலவு வைப்பார்

"நம்ம டெனன்ட் தங்கமானவர்ங்க. மூணு வருஷமா ஒரு போன் கூட பண்ணினது கிடையாது. ஒண்ணாம் தேதி ஆனா வாடகை வந்துடும்."

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற நண்பர்கள் பெருமையா சொல்ற வசனம் இது. என்னைக் கேட்டா, கொஞ்சம் பயப்பட வேண்டிய வசனம்.

மூணு வருஷம் மனுஷங்க குடியிருக்கிற வீட்டுல ஒண்ணுமே ரிப்பேர் ஆகாம இருக்காது. குழாய் வாஷர் தேயும். ஃப்ளஷ் டேங்க் கசியும். பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல பூசினது உதிரும். இதெல்லாம் நடந்துக்கிட்டுதான் இருக்கு. உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான். ஏன் சொல்லல? போன தடவை சொன்னப்போ "நீங்கதான் சரியா யூஸ் பண்ணல"ன்னு நீங்க சொல்லியிருப்பீங்க. இல்லைன்னா, ரிப்பேர் கேட்டா வாடகையை ஏத்திடுவாரோன்னு ஒரு பயம். அதுவும் இல்லைன்னா, "நம்ம வீடா என்ன, இன்னும் ஒரு வருஷத்துல காலி பண்ணப் போறோம்" என்கிற எண்ணம்.

நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இது புரியும். ஏன்னா உங்கள்ல பலர் ஒரே நேரத்துல ஓனர், டெனன்ட் ரெண்டுமே. தாம்பரத்துலயோ சரவணம்பட்டியிலயோ லோன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுட்டு, வேலைக்காக பெங்களூர்ல வாடகைக்கு இருக்கீங்க. அங்க உங்க ஓனர், காலி பண்ணும்போது பெயின்டிங்னு சொல்லி ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிச்சுக்கிட்டா எவ்வளவு கோபம் வரும்? கிச்சன் சிங்க் கசியுதுன்னு நாலு தடவை மெசேஜ் போட்டும் பதில் வரலைன்னா, அஞ்சாவது தடவை போடுவீங்களா? கீழே ஒரு பக்கெட்டை வச்சுட்டு ஆபீஸ் போயிடுவீங்க. தாம்பரத்துல இருக்கிற உங்க டெனன்ட்டும் அதே பக்கெட்டைத்தான் வச்சிருக்கார்.

சரி, கணக்குக்கு வருவோம். 60 லட்சத்துக்கு வாங்கின ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், வாடகை 18,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 2,16,000. போட்ட பணத்துக்கு 3.6 சதவீதம். இவ்வளவு மெல்லிசான வருமானத்துல, ஒரு மாசம் வீடு காலியா கிடந்தா 18,000 போச்சு. அந்த மாசம் அசோசியேஷனுக்குக் கட்டுற 3,000 ரூபாய் மெயின்டெனன்ஸும் உங்க தலையில. மொத்தம் 21,000. புரோக்கர் கமிஷன், பெயின்டிங் எல்லாம் இதுல சேர்க்கவே இல்லை.

இதை வாடகை ஏத்துறதோட சேர்த்துப் பாருங்க. ஒழுங்கா இருக்கிற டெனன்ட்கிட்ட 1,500 ரூபாய் கூடுதலா கேட்டு, அவர் காலி பண்ணிட்டுப் போயிட்டார். புது ஆள் அதே 1,500 கூடுதலா தர்றார்னே வச்சுக்குவோம். வீடு காலியா இருந்த அந்த ஒரு மாசத்துச் செலவை எடுக்கவே 14 மாசம் ஆகும். வாடகையே ஏத்தாதீங்கன்னு சொல்ல வரல. இருக்கிறவரைத் தக்க வச்சுக்கிறதும் ஒரு வருமானம்தான், அது பாஸ்புக்ல தனியா தெரியாது, அவ்வளவுதான்.

இப்போ வரி. இங்க ஒரு வேடிக்கை இருக்கு. வாடகை வருமானத்துல நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சுட்டு, மிச்சத்துல 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் அப்படியே கழிச்சுக்க விடுது. பில் கேட்கிறதில்லை. நீங்க ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணியிருந்தாலும் சரி, ஒரு லட்சம் செலவு பண்ணியிருந்தாலும் சரி, அதே 30 சதவீதம்தான். புது வரி முறையில இருக்கிறவங்களுக்கும் இது உண்டு. (ஹோம் லோன் வட்டியையும் வாடகையில கழிக்கலாம். ஆனா நஷ்டம் வந்தா, புது முறையில அதைச் சம்பளத்தோட சரிக்கட்ட முடியாது.) நம்ம உதாரணத்துல சொத்து வரி 4,000 போனா 2,12,000. அதுல 30 சதவீதம் 63,600 ரூபாய்.

வாடகை வீடுன்னா பராமரிப்புக்குச் செலவு ஆகத்தான் செய்யும்னு சட்டமே ஒத்துக்கிட்டு, 63,600 ரூபாய்க்கு வரி வேண்டாம்னு விட்டுடுது. நம்ம ஆளுங்க அந்தச் சலுகையையும் எடுத்துக்கிட்டு, 600 ரூபாய்க்கு பிளம்பரை அனுப்ப மூணு மாசம் யோசிப்பாங்க!

நான் சொல்றது இதுதான். அந்த 63,600ல மூணுல ஒரு பங்கு, அதாவது வாடகையில ஏறக்குறைய 10 சதவீதம், மாசம் 1,800 ரூபாயை தனி ஆர்டியிலயோ லிக்விட் ஃபண்டுலயோ போட்டுட்டு வாங்க. பத்து வருஷத்துக்கு மேல பழைய பில்டிங்னா இன்னும் கொஞ்சம் கூட வைங்க. இஎம்ஐக்கு இந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

இந்தப் பணத்தை முதல்ல எதுக்குச் செலவு பண்ணணும்? தண்ணிக்கு. வாடகை வீட்டுல உங்க பணத்தை அதிகமா தின்கிறது தண்ணிதான்.

ஒரு பாத்ரூமை எடுத்துக்குவோம். அபார்ட்மென்ட்ல பெரும்பாலும் பாத்ரூம் தளத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டி, உள்ள பைப் ஓட்டி, மேல செங்கல் ஜல்லியோ வேற ஏதோ போட்டு நிரப்பி, அதுக்கு மேலதான் டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. டைல்ஸ் இடுக்குல பூசியிருக்கிற ஒயிட் சிமென்ட், ஆசிட் ஊத்தி ஊத்திக் கழுவுறதுல கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போகும். தினமும் குளிக்கிற தண்ணி அந்த இடுக்கு வழியா உள்ள இறங்கும். உங்க வீட்டுல எதுவும் தெரியாது. உள்ள நிரம்பி, கீழ் வீட்டு சீலிங்ல ஈரமா தெரிய மாசக்கணக்குல ஆகும்.

அதுக்கு முன்னாடியே கவனிச்சா, பழைய பூச்சை சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி கிரவுட் அடைக்கிறது ஒருநாள் வேலை. விட்டுட்டா, டைல்ஸை உடைக்கணும், நிரப்பினதை வெளியே எடுக்கணும், வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி, தண்ணி தேக்கி வச்சுப் பார்த்து, திரும்ப டைல்ஸ் ஒட்டணும். ஒரு வாரத்துக்கு மேல பாத்ரூம் கிடையாது. டெனன்ட் ஏன் இருக்கப் போறார்? கீழ் வீட்டு சீலிங்கைச் சரி பண்ணி பெயின்ட் அடிச்சுத் தர்ற செலவும் உங்களுக்குத்தான்.

இதுல பணம் மட்டும் இல்லை. ஈரம் கம்பி வரைக்கும் போயிட்டா கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச கம்பி ஊதும். ஊதினா கீழே இருக்கிற கான்கிரீட்டை வெடிக்க வச்சு சில்லு சில்லா தள்ளிவிடும். கடல் காத்து அடிக்கிற சென்னை மாதிரி ஊர்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்த சீலிங்குக்குக் கீழ ஒரு கட்டில் இருக்கும், அதுல யாரோ ஒருத்தர் வீட்டுக் குழந்தை தூங்கிட்டிருக்கும்.

அடுத்தது ஃப்ளஷ் டேங்க். இது சத்தமே இல்லாம கசியும். கண்டுபிடிக்க பிளம்பர் தேவையில்லை, வீட்டுல துணிக்குப் போடுற சொட்டு நீலம் போதும். டேங்க்ல கொஞ்சம் விட்டுட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம இருக்கச் சொல்லுங்க. கீழே கோப்பையில நீலம் தெரிஞ்சா உள்ள இருக்கிற ரப்பர் போயிடுச்சுன்னு அர்த்தம். லாரித் தண்ணி வாங்குற அபார்ட்மென்ட்ல இந்தக் கசிவுக்கு மொத்த பில்டிங்கும் சேர்ந்து காசு கட்டிக்கிட்டிருக்கும்.

சரி, இதையெல்லாம் யார் செய்யணும்? தமிழ்நாட்டுல 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு, 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துற சட்டம். அதோட இரண்டாவது அட்டவணையில வேலையையே பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. கட்டுமான ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாத்துறது, வயரிங் மாத்துறது எல்லாம் ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர், பூட்டு, வாஷ்பேசின் ரிப்பேர் மாதிரியானவை டெனன்ட். ஓனர் தன் பங்கைச் செய்ய மறுத்தா, டெனன்ட் தானே செஞ்சுட்டு வாடகையில கழிச்சுக்கவும் சட்டம் வழி விடுது.

சட்டம் அப்படிச் சொன்னாலும், சின்ன ரிப்பேரை டெனன்ட் தலையில கட்டுறது புத்திசாலித்தனம் இல்லைன்னுதான் நான் சொல்வேன். 200 ரூபாயை மிச்சம் பிடிக்க அவர் சிங்க் கசிவைத் தள்ளிப்போடுவார். அதுக்குக் கீழ இருக்கிற உங்க பிளைவுட் கதவு ஊறி உப்பிப் போகும். அதனால வீடு கொடுக்கும்போதே சொல்லிடுங்க: "ஆயிரம் ரூபாய் வரைக்கும் எந்த ரிப்பேரா இருந்தாலும் என்னைக் கேட்க வேண்டாம். ஆளைக் கூப்பிட்டுச் செஞ்சுட்டு, பில்லையும் போட்டோவையும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, வாடகையில கழிச்சுக்கோங்க."

ஏமாத்த மாட்டாங்களான்னு கேட்பீங்க. ஏமாத்தலாம். பல்பு மாத்துறதுக்கெல்லாம் பில் அனுப்புற ஆளும் உண்டு, அவங்களைச் சமாளிக்கத்தான் அந்த அட்டவணை இருக்கு. மத்தபடி வருஷத்துக்கு நாலஞ்சாயிரம் கூடுதலா போனாலும், ஒரு பாத்ரூமை உடைக்கிற செலவுக்குப் பக்கத்துல கூட வராது.

அப்போ மிச்சம் பிடிக்கவே கூடாதான்னா, பிடிக்கலாம், இடம் தெரிஞ்சு பிடிக்கணும். வாடகை வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம், கசிவை மறைக்கிறதுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது. ஆர்ஓ மெஷின், மைக்ரோவேவ்னு எதையும் நீங்க வாங்கி மாட்டாதீங்க. மாட்டின ஒவ்வொரு மெஷினும் ஒரு சர்வீஸ் கால். குழாய் வாங்கும்போது டிசைன் பார்க்காம, பக்கத்து ஹார்டுவேர் கடையில ஸ்பேர் கிடைக்கிற பித்தளை மாடலா வாங்குங்க. சிங்க்குக்குக் கீழ மட்டும் ஐஎஸ் 710 தரத்துல பிளைவுட் போடுங்க, இல்லைன்னா பிவிசி கதவு. எல்லா ரூமுக்கும் ஒரே வெளிர் நிறம் அடிச்சு, ஷேட் நம்பரை பரண் கதவுக்கு உள்பக்கம் எழுதி வைங்க. அடுத்த டெனன்ட் வரும்போது அழுக்கான இடத்தை மட்டும் அடிச்சா போதும். நிறம் தெரியாததாலதான் பல பேர் முழு வீட்டையும் அடிச்சிட்டிருக்காங்க.

சென்னையில சொத்து வரியை அரையாண்டு ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். வரிக் கணக்குல கழிக்கிறதுக்கும் அந்த நிதியாண்டுல நீங்க நிஜமா கட்டியிருக்கணும், பாக்கி வச்சா கழிவு இல்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழ வீடுன்னா, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி செப்டம்பர்லயே மழைத்தண்ணி இறங்குற வாயில அடைச்சிருக்கிற இலை தழையை எடுக்க ஆள் விடுங்க.

புது ஃபிளாட் வாங்கினவங்களுக்கு ஒண்ணு. ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, சாவி கொடுத்த நாள்ல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத்தரத்துலயோ குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணித் தரணும். விரிசல், கசிவு எல்லாம் இதுல வரும். ஆனா அந்த விரிசலைத் தினமும் பார்க்கிறவர் உங்க டெனன்ட். அவர் உங்ககிட்ட பேசாம இருந்து, ஆறாவது வருஷம் நீங்க போய்ப் பார்த்தீங்கன்னா, செலவு முழுக்க உங்களோடது.

பேரம் பேசவே கூடாத இடம் ஒண்ணு இருக்கு: கரன்ட். டிபி பாக்ஸ்ல ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்கும், அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன். அமுக்கினா மொத்த கரன்ட்டும் கட் ஆகணும். ஆகலைன்னா அது வெறும் பொம்மை. கீசர் கசிஞ்சு பாத்ரூம் தண்ணியில ஷாக் அடிக்கிற அன்னைக்கு அது யாரையும் காப்பாத்தாது. அந்த பாக்ஸே இல்லாத பழைய வீடுன்னா, அடுத்த மாச வாடகையில முதல் செலவு அதுதான்.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க டெனன்ட்டுக்கு போன் போடுங்க. வாடகையைப் பத்திப் பேச வேண்டாம். ஆர்சிசிபி பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க, ஃப்ளஷ் டேங்க்ல சொட்டு நீலம் விடச் சொல்லுங்க, கிச்சன் சிங்க்குக்குக் கீழ இருக்கிற கதவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. "எதுக்கு சார் திடீர்னு?"ன்னு சந்தேகமா கேட்பார். ரிப்பேர் செலவு உங்களோடதுன்னு முதல்லயே சொல்லிட்டு, அப்புறம் கேளுங்க.