ஆறாத புண்ணும் குடியானவரின் உள்ளங்காலும்

சருமத்தில் உண்டாகும் புற்றுநோய் வெள்ளை நிறத்தவருக்கே உரியதென்றும், கறுத்த மேனியரை அது அணுகாதென்றும் ஓர் அபிப்பிராயம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. இது பாதி உண்மையே. மேனிக்குக் கருமை தரும் மெலனின் என்னும் பொருள் வெயிலின் தீங்கைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வெள்ளையரிடையே மலிந்திருக்கும் இந்நோய் இந்நாட்டில் குறைவாயிருப்பதற்கு அதுவே முக்கிய காரணம். ஆனால் குறைவு என்பது இல்லையென்று ஆகாது. இங்கே அது பெரும்பாலும் வேறு வழியாய் வருகிறது.

அவ்வழிகளில் முதலாவது, வெகு நாள் ஆறாத புண்ணும் தீச்சுட்ட பழைய வடுவுமாம். 1828-ஆம் வருஷத்தில் மார்ஜோலின் என்ற பிரெஞ்சு வைத்தியர் வடுக்களில் தோன்றும் புண்களை விவரித்தார். வடுவில் எழும் புற்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காஷ்மீரத்தில் குளிருக்காக அங்கியினுள் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை வைத்துக்கொள்வோருக்குத் தொடையிலும் வயிற்றிலும் புற்று உண்டாவது பிரசித்தம்.

இரண்டாவது, மெலனினை உண்டாக்கும் உயிரணுக்களிலேயே எழும் கரும்புற்று. கறுத்த மேனியருக்கு இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே அதிகமாய்த் தோன்றும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981-ல் தமது 36-வது வயதில் மாண்டது, கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இந்நோயினாலேயே.

நாசரேத்தைச் சுற்றிய கிராமத்தார் இதைக் கவனிக்க விசேஷ காரணம் உண்டு. தேரி மணலிலும் பனங்காட்டிலும் நடப்போருக்கு உடைமுள் தைப்பது புதிதன்று. பதநீர் காய்ச்சும் அடுப்பண்டையில் தீப்புண் உண்டாகிறது. வாழைத் தோட்டத்துச் சேற்றிலும் தூத்துக்குடி உப்பளங்களிலும் பாடுபடுவோரின் கால் வெடித்துப் புண்ணாகிறது. கரும்புள்ளியை முள்ளின் தடமென்று எண்ணுவதும், ஆறாத புண்ணைச் சுண்ணாம்பாலும் சேங்கொட்டையாலும் சுடுவதும் காலத்தை வீணாக்கும். வாழையிலையில் ஒரு புள்ளி கண்டால் விவசாய இலாகாவுக்கு விரையும் குடியானவர், தம் உள்ளங்காலை வருஷத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் பார்க்கிறாரா?

ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், ஓரம் தடித்து எழும்பிய புண், தொட்டால் உதிரம் கசியும் புண், பழைய வடுவில் திடீரென வளரும் சதை, நாளுக்கு நாள் அகன்று உருவும் நிறமும் மாறும் கரும்புள்ளி ஆகிய இவற்றுள் எது கண்டாலும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஆறாத புண் எல்லாம் புற்றன்று. நீரிழிவாலும் குஷ்டத்தாலும் புண் ஆறாதிருக்கும். அவற்றுக்கும் சிகிச்சை அவசியமாகையால், காட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இதற்கு வழியுண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் சென்னையில் இருக்கிறது.

ஆரம்பத்தில் கண்டால் அவ்விடத்தை மட்டும் அறுத்து நீக்குவதோடு பெரும்பாலும் முடியும். தாமதித்தால் காலையே எடுக்க நேரும். அதற்கும் மிஞ்சினால் உயிரே போகும். ஒரு நாள் கூலி போகுமென்று அஞ்சி ஆயுள் முழுமைக்கும் உழைக்கும் காலை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

ஆகையால் செருப்பணிந்து வேலை செய்வதும், வெயிலில் தலைப்பாகையோ ஓலைத் தொப்பியோ தரிப்பதும், மாதம் ஒரு முறை வீட்டார் ஒருவர் காலை ஒருவர் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். பூச்சிமருந்தையும் எருவையும் பற்றிப் பேசக் கூட்டும் கிராமக் கூட்டங்களில் ஐந்து நிமிஷம் இவ்விஷயத்துக்கு ஒதுக்குவது விவசாய இலாகாவின் கடமையேயாகும். பயிரைக் காப்பதற்கு முன் பயிரிடுவோனைக் காத்தல் வேண்டுமன்றோ?