வாராவாரம் ஒரு பென்னி!

போன வருஷம் எனக்கு டெங்கு. மனைவி, மகள் பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் போயிருந்தாள். சொன்னால் பதறி ஓடி வருவாளே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போவதும், வந்து கஞ்சி குடித்துப் படுப்பதுமாகப் பத்து நாள். எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். ஒரு காக்காய் எட்டிப் பார்க்கவேண்டுமே! பதினோராம் நாள் அசோசியேஷன் செயலாளரிடமிருந்து வாட்ஸப்: 'மெயின்டனன்ஸ் வரவில்லை.' ஜிபேயில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. நலம் விசாரிப்பு முடிந்தது!

இரண்டு மாதம் கழித்து, கீழ்வீட்டு டீச்சர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அவர்கள் சர்ச்சில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் முறை வைத்து வீடுகளில் கூடி ஜெபம் செய்யும் நாள். டீச்சரைக் காணோம், போனும் எடுக்கவில்லை என்றதும், இரண்டு பெண்கள் ஸ்கூட்டரில் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். அப்புறம் ஆறு வாரம், ஆளுக்கொரு நாள் கேரியர் சாப்பாடு. ராத்திரித் துணைக்கு ஒருவர்.

"உங்க ஆயர்தான் டூட்டி போட்டு அனுப்புறாரா டீச்சர்?"

"அவருக்கு ஞாயித்துக்கிழமைதான் சார் விஷயமே தெரியும்! சபையில அறுநூறு குடும்பம். ஒத்த மனுஷன் எத்தனை மாடி ஏறுவார்?"

பிறகு ஒரு கதை சொன்னார். 1742. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். ஜான் வெஸ்லியின் சபைக்குக் கடன். 'ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுங்கள்' என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். 'ஏழைகள் என்ன செய்வார்கள்?' என்று கேட்டார்கள். 'இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். முடியாதவர்களுக்கு நான் போடுகிறேன். நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார் மனிதர்.

வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள், யார் வீட்டில் என்ன கஷ்டம், யார் வழி தவறுகிறார்கள் என்ற விவரத்தோடு திரும்பினார்கள். 'நான் தேடியது இதைத்தான்!' என்று பிடித்துக்கொண்டார் வெஸ்லி. வசூல் கூட்டம் விசாரிப்புக் கூட்டமாயிற்று. வாராவாரம் ஒவ்வொருவரையும் பார்ப்பது தலைவரின் கடமை. அந்த மெதடிஸ்ட் வழிச் சபைகளும் சேர்ந்துதான் 1947-ல் டீச்சரின் தென்னிந்திய திருச்சபை உருவானது.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்தேன். "ஜிபே வேண்டாம். பன்னிரண்டு வீட்டுக்கு ஒருத்தர் நேர்ல போய் வாங்கலாம்."

சிரித்தார்கள். "சாருக்கு ரிட்டயர் ஆகிப் பொழுது போகலை" என்றார் செயலாளர். சரி, என் பன்னிரண்டை மட்டுமாவது பார்ப்போம் என்று கிளம்பினேன்.

முதல் வீடு, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர். மணி அடித்தேன். கதவு திறக்க நேரமாயிற்று. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மணியை அண்ணாந்து பார்த்தார்.

"பரவாயில்லையே, அடிக்குதே! மூணு வாரமா சத்தமே இல்லையா... ரிப்பேர்னு நினைச்சுட்டிருந்தேன். உட்காருங்க சார், காபி போடறேன்."