என் ஓட்டு ஹோண்டாவுக்கே!

குட்டீஸ்... உங்கள் அறைச் சுவரில் கார் படம் ஒட்டியிருக்கிறீர்களா? அது சிவப்பு ஃபெராரிதானே? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிப்பவர்களைக் கேட்டாலும், பலர் ஃபெராரி எஃப்40 என்றுதான் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஜப்பானின் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்.தான் என் கட்சி. சண்டைக்கு வருமுன் காரணத்தைக் கேளுங்கள்!

எஃப்40 லேசுப்பட்ட கார் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஃபெராரி கம்பெனி கார் செய்யத் தொடங்கி 40 ஆண்டு ஆனதைக் கொண்டாட, 1987ல் இத்தாலியில் வெளிவந்தது. கம்பெனியை ஆரம்பித்த என்ஸோ ஃபெராரிக்கு அப்போது 89 வயது. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். மணிக்கு 324 கி.மீ. வேகம்! எடையைக் குறைக்க வேண்டும் என்று உள்ளே ரேடியோ வைக்கவில்லை, தரைவிரிப்பு போடவில்லை. உள்ளிருந்து கதவைத் திறக்கக் கைப்பிடி கூடக் கிடையாது. ஒரு கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும்! ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் சும்மா இருக்கும். டர்போ விழித்துக்கொண்டதும் திடீரென்று பாயும். ஓட்டுபவர் அசந்தால் போச்சு!

வேகமான கார் என்றால் ஓட்டுபவரைப் பாடாய்ப் படுத்தத்தான் வேண்டுமா? ஹோண்டாவின் பதில், 1990ல் வந்த என்.எஸ்.எக்ஸ். (அதே பெயரில் 2016ல் வந்த கார் வேறு, நான் சொல்வது பழையதை.) அதன் உடம்பு முழுக்க அலுமினியம். நாலாபுறமும் சாலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று, எஃப்-16 போர் விமானத்தில் விமானி உட்காரும் இடத்தைப் பார்த்து அதன் முன்பகுதியை அமைத்தார்கள். காலையில் கடைக்கும் போகலாம். மாலையில் பந்தயப் பாதையிலும் ஓட்டலாம்.

1989ல், விற்பனைக்கு வருமுன்னே, ஃபார்முலா ஒன் சாம்பியன் அயர்டன் சென்னாவிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். உடம்பில் உறுதி போதாது என்றார் அவர். பெரிய கம்பெனியாயிற்றே என்று ஹோண்டா வீம்பு பிடிக்கவில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதைக்குக் கொண்டுபோய், ஓட்டி ஓட்டிப் பார்த்து உறுதியைக் கூட்டினார்கள். எனக்கு அந்தக் காரிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். பிறகு, மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகக் காரை வடிவமைத்த கார்டன் முர்ரே, ஓட்ட சுகமாக இருப்பதற்கு என்.எஸ்.எக்ஸையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

'வேகத்தில் எது ஜெயிக்கும்?' என்கிறீர்களா? ஃபெராரிதான். ஹோண்டா சுமார் 270 கி.மீ.யோடு நின்றுவிடும். விலையிலும் ஃபெராரியே ராஜா. 1,300 சொச்சம் கார்களே செய்தார்கள்; அதனால் ஏலத்தில் பல கோடி ரூபாய்க்குப் போகிறது. அங்கேதான் வில்லங்கம்! ஓடிய தூரம் கூடினால் விலை குறையுமே என்று பலர் அதைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். காற்றாய்ப் பறக்கச் செய்த கார், போர்வைக்குள் தூங்குகிறது.

ஹோண்டாவோ 1993லேயே ஜப்பானில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய என்.எஸ்.எக்ஸைக் கொடுத்தால், பிரித்துச் சீர்செய்து, மறுபடி ஓட்டத் தயாராகத் திருப்பித் தருவார்கள். 2005 வரை 18,000க்கும் மேல் விற்ற காராயிற்றே! ஆனாலும் இப்போது இதற்கும் விலை ஏறி, இதையும் சிலர் பூட்டி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

சுவரில் இருக்கும் சிவப்புக் காரைக் கிழிக்கச் சொல்லவில்லை, குட்டீஸ். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறதா?