சமன்பாடு சமனாகும், செம்பு கரையாது

இரண்டு, பதினாறு, இரண்டு, இரண்டு, எட்டு, ஐந்து. தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ மாலை டியூஷன் முடிந்து வரும் பிளஸ் டூ மாணவரை நிறுத்தி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேரும் சமன்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஆறு எண்களைக் கைபேசி எண் போல ஒப்பிப்பார். அந்த வினையில் வெளிவரும் வாயு என்ன நிறம், முகர்ந்தால் என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அது குளோரின். பச்சை கலந்த மஞ்சள் நிறம், நுரையீரலை அரிக்கும் நச்சு. 2015 டிசம்பர் வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வடிந்த பிறகு தெருத்தெருவாகத் தூவினார்களே பிளீச்சிங் பவுடர், அதன் மேல் கழிப்பறை ஆசிட்டை ஊற்றினாலும் இதே வாயுதான் வரும். பிளீச்சிங் பவுடர் ஒரு பங்கு, அமிலம் இரண்டு பங்கு. கிடைப்பவை கால்சியம் குளோரைடு, நீர், குளோரின். பத்தாம் வகுப்பிலேயே சமன் செய்துவிடக்கூடிய எளிய கணக்கு. ஆனால் அதைப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, "அம்மா, அந்த ரெண்டையும் ஒண்ணா ஊத்தாதே" என்று வீட்டில் சொல்வதில்லை. தாளில் எழுதியதும் குளியலறையில் இருப்பதும் ஒன்றுதான் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

சமன்பாட்டை எழுதுவது வேறு, சமன் செய்வது வேறு. எது எதனோடு சேர்ந்தது, என்ன உண்டாயிற்று, ஒவ்வொன்றும் திண்மமா, நீர்மமா, வாயுவா என்று அறிந்து எழுதுவது வேதியியல். இரு பக்கமும் அணுக்களை எண்ணிச் சரிக்கட்டுவது கூட்டல் கணக்கு. கணினி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது. நம் வகுப்பறைகள் முதல் வேலையை ஆசிரியர் கரும்பலகையிலேயே முடித்துவிட்டு, இரண்டாவதை மட்டும் மாணவரிடம் விடுகின்றன. "சமன் செய்க" என்று வினாத்தாள் கேட்பதும் அதைத்தான். பல டியூஷன்களில் இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஏ, பி, சி, டி போட்டு இயற்கணிதமாகவே தீர்க்கக் கற்றுத் தருகிறார்கள். விடை சரியாக வரும். வேதியியல் துளியும் தேவைப்படாது.

மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியிருக்கும் பாத்திரக் கடைகளில் செம்புச் சொம்பு வாங்கியவர்களுக்குத் தெரியும், கறுத்துப்போனால் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். இதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் பல மாணவர்கள் செம்பு, அமிலம், அம்புக்குறி, செம்பு உப்பு, ஹைட்ரஜன் என்று எழுதுகிறார்கள். துத்தநாகத்துக்கும் அமிலத்துக்கும் படித்ததை அப்படியே செம்புக்கு மாற்றிவிடுகிறார்கள். இந்தச் சமன்பாடு அழகாகச் சமனாகும். ஒரு அணுகூடக் கூடாது, குறையாது. ஆனால் அப்படி ஒரு வினை நடப்பதேயில்லை. செம்பு சாதாரண அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை விரட்டாது. சொம்பைத் தேய்க்கும்போது ஒரு குமிழிகூட வருவதில்லை என்பதே சாட்சி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைப்பது செம்பின் மேல் படிந்த ஆக்சைடை. அதில் கிடைப்பவை உப்பும் நீரும். இரண்டு சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது உண்மை என்பதை எண்ணிக்கை சொல்லாது. சொம்பைத் தேய்த்த கை சொல்லும்.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடமே வேதிவினைகளும் சமன்பாடுகளும்தான். மெக்னீசிய நாடாவை எரிப்பதில் தொடங்குகிறது, நல்ல தொடக்கம். சமன் செய்வதற்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு இரும்பும் நீரும்: மூன்று இரும்பு, நான்கு நீர், கிடைப்பவை இரும்பின் ஒரு ஆக்சைடும் நான்கு ஹைட்ரஜனும். அங்கே நீர் என்பது நீராவி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தை விட்டுவிட்டால் சமன்பாடு பொய்யாகிவிடும். பெசன்ட் நகரில் கடற்காற்று பட்ட பால்கனிக் கம்பி ஹைட்ரஜனை வெளியிட்டுக்கொண்டு நிற்பதில்லை. அது துருப்பிடிக்கிறது. அதற்கு நீரோடு ஆக்சிஜனும் வேண்டும், காற்றில் வரும் உப்பு வேகத்தைக் கூட்டுகிறது. துருவின் வாய்பாட்டில் நீரின் எண்ணிக்கை திட்டமான எண்ணே அல்ல. புத்தகத்திலேயே எக்ஸ் என்றுதான் போட்டிருக்கும். எல்லாம் முழு எண்ணில் முடியும் என்று பழகிய பிள்ளைக்கு அந்த எக்ஸ் ஒரு அவமானம் மாதிரி தெரிகிறது.

மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில் வலப்பக்கம் ஒரு ஆக்சிஜன் குறைகிறது. உடனே எச்-டூ-ஓ வுக்குக் கீழே இன்னொரு இரண்டைப் போட்டு எச்-டூ-ஓ-டூ ஆக்கிவிடுகிறார்கள். கணக்கு சரியாகிவிட்டது. நீர்தான் போய்விட்டது, இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக் கடையில் புண் கழுவ வாங்குவது. முன்னால் பெரிதாகப் போடும் எண் எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்கிறது. கீழே சின்னதாக எழுதும் எண் அது என்ன பொருள் என்பதையே தீர்மானிக்கிறது. இதில் குழம்பும் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை. அணுக் கொள்கையைத் தந்த டால்டனே நீரை ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் எழுதினார். 1808இல் அவர் நூல் வந்தது. 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ வாதாடிய பிறகே வேதியியலாளர்கள் ஒரு வழிக்கு வரத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு ஆனதை நாம் நாற்பது நிமிடப் பீரியடில் முடித்துவிடுகிறோம்.

1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சமன்பாட்டைச் சரியாகச் சமன் செய்த மாணவர்களிடம் அதையே அணுக்களின் படமாக வரையச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோரால் முடியவில்லை. மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஆறு அணுக்கள் ஒட்டிய ஒரே கொத்தாக வரைந்தவர்கள் அதில் உண்டு. சென்னையில் இன்று வரையச் சொன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் சமன் செய்வதே வீண் வேலையா? இல்லை. அந்த எண்களுக்குப் பொருள் உண்டு, பொருளைச் சொல்லித்தான் தர வேண்டும். வீட்டுச் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 14.2 கிலோ எரிவாயு, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கணக்கு எளிதாக இருக்க முழுவதும் பியூட்டேன் என்று கொள்வோம். இரண்டு பியூட்டேனுக்குப் பதின்மூன்று ஆக்சிஜன். கிடைப்பவை எட்டு கார்பன் டை ஆக்சைடு, பத்து நீர். இந்த எண்களை எடையாக மாற்றினால், ஒரு சிலிண்டர் எரிந்து தீர ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அடுப்பிலிருந்து 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ நீராவியும் வெளியே போகும். உள்ளே போனது 65 கிலோ, வெளியே வந்ததும் 65. நிறை அழியாது என்று லவாய்சியர் நிறுவியதை மாணவர் தன் சமையலறையில் பார்க்கலாம். 14 கிலோ எரிந்து 43 கிலோ எப்படி வரும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மீதி ஜன்னல் வழியாக வந்தது.

ஜன்னல் மூடியிருந்தால்? அதற்கும் சமன்பாடு உண்டு. பதின்மூன்று இருந்த இடத்தில் ஒன்பது ஆக்சிஜன். விளைபொருள் எட்டு கார்பன் மோனாக்சைடு, பத்து நீர். இதுவும் கச்சிதமாகச் சமனாகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஆளைக் கொல்வது இந்த இரண்டாவது சமன்பாட்டின் வழியாகத்தான். பதின்மூன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மதிப்பெண் அல்ல.

தேர்வைத் திருத்தாமல் வகுப்பு திருந்தாது. சமன் செய்யச் சொல்லும் கேள்விகளில் பாதியைத் தலைகீழாக்கலாம்: சமனான சமன்பாட்டைக் கொடுத்து, அது சொல்வதைத் தமிழில் நான்கு வரி எழுதச் சொல்லலாம், படம் வரையச் சொல்லலாம், சமனாகியும் நடக்காத ஒன்றைக் கொடுத்துக் காரணம் கேட்கலாம். திருத்துவது கடினம் என்பார்கள். உண்மைதான், கொஞ்சம் கடினம்.

ஆய்வகப் பீரியடைத் தேர்வுக்கு விட்டுக்கொடுக்கும் பள்ளிகளிலும் ஒன்று செய்ய முடியும். வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு கிடைக்கிறது. நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கண்ணாடித் தம்ளரில் எடுத்து, உறிஞ்சுகுழல் வழியே ஊதச் சொல்லுங்கள் (உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாய் வெந்துவிடும்). பால் போல வெளுக்கும். மெருகேறிப் பளிங்கு போல நின்ற மெட்ராஸ் சுண்ணச் சுவர்கள் இறுகியதும் இதே வினையால்தான். பெரும்பாலும் அந்த இடத்தில் நிறுத்திச் சமன்பாட்டை எழுதவைத்துவிடுவோம். நிறுத்த வேண்டாம், இன்னும் ஊதட்டும். கொஞ்ச நேரத்தில் அந்த வெண்மை கரைந்து தண்ணீர் மறுபடி தெளியத் தொடங்கும். இரண்டாவது சமன்பாட்டைப் பலகையில் எழுதிக் காட்டாமல், என்ன நடந்திருக்கும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். முதல் முயற்சியில் எண்கள் சமனாகாவிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள்.

- கட்டுரையாளர், வேதியியல் பேராசிரியர் (ஓய்வு), அடையாறு